மனைவி மேல் பிரியம் இருக்கிறது, ஆனால் அவள் நெருங்கி வந்தால் நான் எங்கோ போய்விடுகிறேன். சின்ன வயதில் பார்த்ததுதான் காரணமா?

நொய்யல்காரன்:

திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வயது 36. கல்யாணமாகி ஆறு வருஷம், மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை. மனைவிக்குத் தாராபுரம் பக்கம், தனியார் பள்ளியில் டீச்சர். எனக்குக் குடி கிடையாது, சிகரெட் கிடையாது, யார் மேலும் கை நீட்டியது கிடையாது. இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், போன மாதம் என் மனைவி அழுதுகொண்டே சொன்னது இது: "நீங்க இந்த வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி இருக்கீங்க. இத்தனை வருஷத்துல ஒரு தடவை என்கிட்ட கோவிச்சுக்கிட்டதில்ல. உங்களுக்கு என்ன வேணும், என்ன புடிக்கும்னு எனக்கு இன்னும் தெரியாது."

கேட்டவுடன் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் இன்னும் அதிகமாக அழுதாள்.

என் கதை இதுதான். அப்பா சிங்கர் மெஷின் டெய்லர், பீஸ் ரேட். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம். திருப்பூர்க்காரர்களுக்குத் தெரியும், அன்றைக்கு ஊரே கடைவீதியில் இருக்கும். டாஸ்மாக் மதுக்கடை வருவதற்கு முந்தைய காலம், தனியார் ஒயின் ஷாப். சனிக்கிழமை ராத்திரி மட்டும் நான் தூங்க மாட்டேன். தெருமுனையில் டிவிஎஸ் 50 சத்தம் கேட்கும். ஸ்டாண்ட் போடும் விதம், செருப்பைக் கழற்றும் விதம், தாழ்ப்பாளில் கை வைக்கும் விதம், இந்த மூன்றை வைத்தே அன்றைக்கு அம்மாவுக்கு அடி உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவேன். உண்டு என்று பட்டால் தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு போய் லைன் வீட்டின் கடைசி வீட்டு அக்காவிடம் விடுவேன். அரிவாள்மணையை அரிசி மூட்டைக்குப் பின்னால் தள்ளுவேன். திரும்பி வந்து அப்பாவுக்குக் கால் அமுக்குவேன். சில நாள் அதிலேயே தூங்கிவிடுவார். ஒன்பதாவது படிக்கும்போது சாமி படத்துக்கு முன்னால் நின்று, இந்த மனுஷன் மாதிரி எந்தக் காலத்திலும் ஆக மாட்டேன் என்று சொல்லிக்கொண்டேன். ஆகவும் இல்லை.

அப்பா இப்போது குடிப்பதில்லை. ஈரல் கெட்டு, மஞ்சள் காமாலையில் பிழைத்து வந்ததோடு விட்டுவிட்டார். எங்களோடுதான் இருக்கிறார், ஹாலில் படுக்கிறார். பேத்தியைத் தோளில் உட்கார வைத்துக் கடைக்குக் கூட்டிப் போகிறார். அம்மாவிடம் பழையதைப் பேசினால், "அதெல்லாம் முடிஞ்சு போச்சு கண்ணு, இப்ப எதுக்கு" என்கிறாள்.

எனக்குள்ள தொந்தரவு என்னவென்றால், வீட்டில் யாராவது குரலை உயர்த்தினால், பாப்பாவை அவள் அதட்டினால்கூட, நான் மொட்டை மாடிக்குப் போய்விடுகிறேன். யோசித்துப் போவதில்லை, கால் தானாகப் போகிறது. அவள் முகம் கொஞ்சம் வாடியிருந்தால் "என்னாச்சு, என்னாச்சு" என்று நான் கேட்டுக் கேட்டே அவளுக்கு எரிச்சல் வந்துவிடும். அடுத்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவளாக நெருங்கி வரும்போது ஆரம்பத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். திடீரென்று நான் அங்கே இருக்க மாட்டேன். உடம்பு மட்டும் கிடக்கும், நான் மேலே ஃபேன் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்கப்புறம் ஒன்றும் நடக்காது. சனிக்கிழமை என்றால் இது கட்டாயம். மற்ற நாளில் அவளுக்குக் காலை ஏழு மணிக்கு ஸ்கூல் பஸ், எனக்கு ஷிப்மென்ட் தலைவலி. எங்களுக்கென்று இருப்பதே சனிக்கிழமை ராத்திரிதான். மாமனார் வீட்டுக்குப் போகும்போது இவ்வளவு தொந்தரவு இல்லை, இடம் மாறுவதாலோ என்னவோ. சுகர், தைராய்டு எல்லாம் பார்த்தாச்சு, நார்மல். அவளோ, தன்னைத்தான் எனக்குப் பிடிக்கவில்லை என்று நினைக்கிறாள்.

சின்ன வயதில் பார்த்தது இத்தனை வருஷம் கழித்து இப்படி வருமா? என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை, அடி வாங்கியது அம்மாதான். அப்புறம், இதை மனைவியிடம் சொல்லலாமா? தினமும் அப்பாவுக்குச் சோறு போடுகிறவள் அவள். அதுதான் யோசனையாக இருக்கிறது.

சிவன்மலை:

தம்பி, சனிக்கிழமை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். ஏழரை நடக்கிறதா என்று ஜாதகத்தைப் பாருங்கள். ஒருதரம் திருநள்ளாறு போய் நள தீர்த்தத்தில் குளித்து எள் தீபம் போட்டுவிட்டு வாருங்கள். இரண்டாவது குழந்தை வந்தால் தானாகச் சரியாகிவிடும்.

பேட்லாக்:

சாமி கும்பிடட்டும், யார் வேண்டாம் என்றது. ஆனால் இவருடைய சனிக்கிழமைக்குக் காரணம் கிரகமில்லைங்க, சம்பளக் கவர்.

இருந்தாலும் நொய்யல்காரரிடம் ஒன்று கேட்கிறேன், கோவித்துக்கொள்ள வேண்டாம். நானும் லைன் வீட்டில் வளர்ந்தவன்தான். அந்த வரிசையில் குடிக்காத அப்பா யார், அடி வாங்காத அம்மா யார்? நாங்களெல்லாம் கல்யாணம் பண்ணி, பிள்ளை பெற்று நன்றாகத்தானே இருக்கிறோம்? இப்போது எதற்கெடுத்தாலும் சின்ன வயசுக் காயம் என்று சொல்வது ஒரு வழக்கமாகிவிட்டது. உங்களுக்கு வேலை டென்ஷன். இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுக் குடும்பத்தோடு வால்பாறை போய் வாருங்கள்.

ஓ.பி. சீட்டு:

தம்பி நொய்யல்காரன், நான் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் சோஷியல் ஒர்க்கராக இருந்து ஓய்வு பெற்றவள். டாக்டர் இல்லை. ஆனால் குடிப்பவரைக் கூட்டிக்கொண்டு வரும் குடும்பங்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலையாக இருந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

'என்னை யாரும் ஒன்றும் செய்யவில்லை' என்கிறீர்கள். அங்கேயிருந்து தொடங்குவோம். அமெரிக்காவில் சான் டியாகோவில் வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டரும் ராபர்ட் ஆண்டா என்பவரும் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 1998-ல் வெளிவந்தது. இரண்டு சுற்றாக 17,000 பேருக்கு மேல் கேட்டார்கள். எல்லாரும் மருத்துவக் காப்பீடு உள்ளவர்கள், பெரும்பாலும் படித்தவர்கள். கேள்வித்தாளில் 'உன்னை அடித்தார்களா' என்பது மட்டும் இல்லை. வீட்டில் குடிகாரர் இருந்தாரா என்பது தனிக் கேள்வி, அம்மா அடிபடுவதைப் பார்த்தாயா என்பது தனிக் கேள்வி. இப்படிப்பட்ட அனுபவங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரச் சேர, வளர்ந்த பிறகு மனச்சோர்வும் குடியும் இதய நோயும்கூட அவர்களிடம் அதிகமாக இருந்தன. ஆகவே நீங்கள் வேடிக்கை பார்த்தவர் இல்லை தம்பி. அதுவும், தங்கச்சியைக் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்ப அந்த வீட்டுக்குள்ளேயே வந்து கால் அமுக்கிய பையன்.

பேட்லாக் தம்பிக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. அந்த ஆய்வு கூட்டத்தைப் பற்றியது. தனி ஒருவருடைய தலையெழுத்தை இந்த எண்ணிக்கையை வைத்துச் சொல்லக் கூடாது என்று ஆண்டாவே பின்னால் எழுதினார். ஒரே வரிசையில் வளர்ந்த பத்துப் பேரில் சிலர் பெரிய சேதமில்லாமல் வந்துவிடுவார்கள். ஒரு பாட்டி, ஒரு வாத்தியார், ஓடிப் போய் நிற்க ஒரு வீடு, இப்படி ஏதாவது இருந்திருக்கும். ஆனால் 'எல்லா வீட்டிலும் நடந்தது' என்பதால் அது லேசானது ஆகிவிடாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கணவரின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வீடுகளில் எல்லாம் கதவுச் சத்தத்துக்குக் காது கொடுத்தபடி பிள்ளைகளும் இருந்திருப்பார்கள்தானே.

இனி உங்கள் உடம்பு. அன்றைக்கு உங்களுக்கு இருந்த வேலை காவல். சத்தத்தை வைத்து ஆபத்தை அளப்பது. பல வருஷம் வாராவாரம் செய்த அந்த வேலையை உடம்பு இன்னும் விடவில்லை. ஆபத்து என்று பட்டால் சிம்பதெடிக் நரம்பு மண்டலம் எழுந்துகொள்ளும். இதயம் வேகமாகத் துடிக்கும், கை கால் ஓடத் தயாராகும். கணவன் மனைவி நெருக்கத்துக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது, உடம்பு தளர்ந்து அமைதியாக இருக்கும்போது வேலை செய்யும் பாராசிம்பதெடிக் பக்கம். ஆணுக்கு விறைப்பு வருவதே அந்தப் பக்கத்தின் வேலையால்தான். காவலும் நெருக்கமும் ஒரே நேரத்தில் நடக்காது. இதில் ஆண்மைக் குறைவும் இல்லை, மனைவியைப் பிடிக்காததும் இல்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜில் மாதம் ஒருமுறை வந்து உட்காரும் வைத்தியரிடம் மட்டும் போய்விடாதீர்கள். லேகியம் என்று ஆயிரக்கணக்கில் பிடுங்கிவிடுவார்கள், கூடவே அவமானத்தையும் கட்டிக் கொடுப்பார்கள்.

ஃபேன் பக்கத்திலிருந்து பார்ப்பது போல என்று எழுதினீர்கள். இதற்கு டிஸ்ஸோசியேஷன் என்று பெயர். ஓடவும் முடியாது, எதிர்க்கவும் முடியாது என்ற நிலையில் சிக்கிய குழந்தைகளுக்கு மனம் விலகிக்கொள்வது ஒரு வழியாக இருந்திருக்கும். இப்போது வேண்டாத இடத்தில் அது வருகிறது. மனநல டாக்டர்கள் இதை அடிக்கடி பார்ப்பவர்கள். சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆச்சரியப்பட மாட்டார்கள்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. மாமனார் வீட்டில் இவ்வளவு தொந்தரவு இல்லை. அந்த வீட்டு ஹாலில் உங்கள் அப்பா படுத்திருக்கவில்லை தம்பி. ராத்திரி அவர் இருமுவாரா? பாத்ரூம் போக எழுந்து செருப்பு மாட்டுவாரா? தாழ்ப்பாள் சத்தம் உங்கள் ரூமுக்குக் கேட்குமா? அவர் இப்போது பேத்தியைத் தூக்கும் தாத்தா என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் காதுக்குத் தெரியாது. காதைக் குறை சொல்லிப் பயனில்லை, கட்டிலை மாற்றிப் போடுங்கள். அப்பா கட்டிலை வீட்டின் இன்னொரு மூலைக்குக் கொண்டு போக முடியுமா பாருங்கள். உங்கள் ரூம் கதவுக்கு உள்ளே நல்ல தாழ்ப்பாள் இருக்கட்டும். சனிக்கிழமை ராத்திரியை விட்டுவிடுங்கள், அன்றைக்குச் சினிமா பாருங்கள், தூங்குங்கள். பெரியவர்கள் பாப்பாவோடு கோயிலுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உங்களுடையதாக இருக்கட்டும். கேட்பதற்குச் சில்லறை விஷயம் போலத் தோன்றும். மாத்திரைக்கு முன்னால் இதைச் செய்து பார்த்திருக்கலாமே என்று நினைக்கும்படியான வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

சாமி படத்துக்கு முன்னால் சொன்ன சத்தியத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பா மாதிரி ஆகக் கூடாது என்றால் அடிக்கக் கூடாது என்றுதானே அர்த்தம். அந்த வயதில் உங்களுக்குக் கோபமும் அடியும் ஒன்றாகத் தெரிந்திருக்கும், ஏனென்றால் அந்த வீட்டில் இரண்டும் சேர்ந்தே வந்தன. அதனால் கோபத்தையே வெட்டிவிட்டீர்கள். ஆனால் 'எனக்கு இது வேண்டாம்' என்று சொல்லத் தெரியாதவனுக்கு 'எனக்கு நீ வேண்டும்' என்று சொல்லவும் வராது. உங்கள் மனைவி சரியான இடத்தில்தான் விரல் வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி. சின்னதாக ஆரம்பியுங்கள். காலையில் என்ன டிபன் என்று கேட்டால் 'எதுன்னாலும் சரி' என்று சொல்லாமல், 'இன்னைக்கு உப்புமா வேண்டாம், தோசை ஊத்து' என்று சொல்லிப் பாருங்கள். அவள் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வானம் இடிந்து விழவில்லை என்பதை உடம்பு ஒவ்வொரு தடவையாகத்தான் கற்றுக்கொள்ளும்.

வைத்தியம் என்று போனால், கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஒருவரிடம் தொடர்ந்து போக வேண்டியிருக்கும். பழைய அதிர்ச்சியின் பாதிப்பு இருப்பவர்களுக்கு, அந்த நினைவைப் பத்திரமான இடத்தில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைக்கும் சி.பி.டி. பேச்சு சிகிச்சையும், கண்ணசைவோடு செய்யும் ஈ.எம்.டி.ஆர். என்ற முறையும் இருக்கின்றன. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் 2013-ல் பரிந்துரைத்தது. உங்களுக்கு எது பொருந்தும் என்று பார்த்துவிட்டு அவர்கள் சொல்வார்கள். தம்பதிகளுக்கு மாஸ்டர்ஸ், ஜான்சன் என்ற இருவர் 1970-ல் எழுதிய ஒரு பயிற்சி இன்னும் கைகொடுக்கிறது. சில வாரங்களுக்கு உடலுறவு கிடையாது என்று முதலிலேயே பேசி வைத்துவிட்டு, கை, முதுகு, தலை என்று மாறி மாறித் தொடுவது மட்டும். 'அடுத்து என்ன ஆகுமோ' என்ற பரீட்சை இல்லாததால் உடம்பு பயப்படாமல் அங்கேயே இருக்கப் பழகுகிறது. டாக்டர் மனச்சோர்வு மாத்திரை ஏதாவது எழுதினால், அதில் சில வகை மாத்திரைகள் உடலுறவில் ஆசையைக் குறைக்கும். அதையும் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள்.

மனைவியிடம் சொல்லுங்கள். ஆனால் எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் கொட்ட வேண்டாம். முதலில் உங்களுக்கு இப்போது என்ன ஆகிறது என்பதைச் சொல்லுங்கள், யார் யாரை எதால் அடித்தார் என்பது பிறகு, அவள் கேட்டால், நீங்கள் தாங்கினால். படுக்கையறையில் வைத்துச் சொல்லாதீர்கள். நடந்துகொண்டே பேசினால் முகத்தை முகம் பார்க்க வேண்டியதில்லை, ஆண்களுக்கு அது சுலபம்.

மல்லிச்செடி:

அக்கா எழுதியதில் முக்கால்வாசி எனக்குச் சம்மதம். ஆனால் இத்தனை பத்தியில் அந்தப் பெண்ணுக்கு ஒரு பத்திகூட இல்லை.

என் வீட்டுக்காரரும் இப்படித்தான், காரணம் வேறு. அவரை ஆறு வயதில் ஹாஸ்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். அழுதால் வார்டன் அடிப்பார், வீட்டுக்கு எழுதும் கடிதத்தைப் படித்துவிட்டுத்தான் அனுப்புவார். யாரையும் தேடாமல் இருக்கப் பழகிக்கொண்டார். எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்தபோது பணம் கட்டினார், ரத்தம் ஏற்பாடு செய்தார், ஃபைலில் ஒரு பேப்பர் தவறவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கையை மட்டும் பிடிக்கவில்லை. ஊரே 'எப்படிப்பட்ட புருஷன்' என்று மெச்சியது. எனக்கு யாரிடம் போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அடிக்கிற புருஷனைப் பற்றி அம்மா வீட்டில் சொல்லலாம். நல்லவனாக இருந்துகொண்டே தூரமாக இருக்கிறவனைப் பற்றி எப்படிச் சொல்வது?

நொய்யல்காரரே, உங்கள் மனைவி ஒவ்வொரு சனிக்கிழமையும் என்ன செய்திருப்பாள் என்று நான் சொல்கிறேன். குழந்தை பிறந்த பிறகு உடம்பு பெருத்துவிட்டதோ என்று கண்ணாடி பார்த்திருப்பாள். ஆபீஸில் வேறு யாராவதோ என்று உங்கள் போனை ஒருமுறையாவது எடுத்துப் பார்த்திருப்பாள். தானாக நெருங்கி வந்ததற்காகத் தன்னையே கேவலமாக நினைத்திருப்பாள். நம் பக்கத்தில் பெண் முதலில் கை வைப்பது சாதாரண விஷயமா? அவள் அந்தத் துணிச்சலை வரவழைத்துக்கொண்டு வந்து, நீங்கள் காணாமல் போகிறீர்கள்.

அதனால் அக்கா சொன்ன 'கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லுங்கள்' என்பதில் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. முதல் தடவையிலேயே 'இது உன்னால் இல்லை' என்பதும் 'எதனால்' என்பதும் சேர்ந்து வர வேண்டும். காரணம் தெரியாமல் 'உன்னால் இல்லை' என்று மட்டும் சொன்னால் எந்தப் பெண்ணும் நம்ப மாட்டாள். என்னிடம் அப்படித்தான் சொன்னார், நான் நம்பவில்லை.

எங்களுக்கு உதவிய ஒரு விஷயம். அவர் எழுந்து வெளியே போவதை நான் தடுப்பதில்லை. ஆனால் போகும்போது 'அரை மணி நேரத்தில் வருகிறேன்' என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும், சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். ஆரம்பத்தில் அவருக்கு இது எரிச்சலாக இருந்தது. எனக்கோ, அந்த அரை மணி நேரத்தில் நான் அழாமல் இருந்ததே பெரிய விஷயம். நீங்கள் மொட்டை மாடிக்குப் போங்கள், ஆனால் சொல்லிவிட்டுப் போங்கள். இன்னொன்று, அவள் உங்களுக்கு நர்ஸ் இல்லை. உங்களைச் சரிசெய்யும் வேலையை அவள் தலையில் கட்டிவிட்டு நீங்கள் மறுபடி நல்ல பிள்ளையாக இருக்காதீர்கள்.

ஓ.பி. சீட்டு:

மல்லிச்செடி, நீங்கள் சொன்னது நியாயம். காரணத்தை ஒளிக்கச் சொல்லவில்லை. சிலர் ஒரே மூச்சில் எல்லாம் சொல்லிவிட்டு அடுத்த ஒரு வாரம் பேச்சே இல்லாமல் உள்ளே போய்விடுவார்கள், அந்தப் பயத்தில் எழுதினேன். நீங்கள் சொன்ன இரண்டும், 'உன்னால் இல்லை', 'இதனால்', முதல் நாளே வரட்டும்.

பேட்லாக்:

நான் எழுதியதை மாற்றிக்கொள்ளவில்லை, ஆனால் ஒரு சந்தேகம். அப்பா திருந்திவிட்டார் அல்லவா? வயசான மனுஷன், குடியையும் விட்டாச்சு. மன்னித்துவிட்டால் இந்தப் பிரச்னை தீர்ந்துவிடாதா? இதில் கட்டிலை மாற்றிப் போடு என்பதெல்லாம் அவரை ஒதுக்கி வைப்பது போல இருக்கிறது.

ஓ.பி. சீட்டு:

மன்னிப்பது வேறு கணக்கு தம்பி. மனதார மன்னித்தவர்களுக்கும் தாழ்ப்பாள் சத்தம் கேட்டால் வயிறு இறுகும். மன்னிக்காதவர்கள் சிலர் நிம்மதியாகத் தூங்குவதும் உண்டு. மன்னித்தால்தான் குணமாகும் என்று நிபந்தனை வைத்தால், மன்னிக்க வராதவனுக்கு அது இன்னொரு குற்ற உணர்ச்சி. அப்பாவை முதியோர் இல்லத்துக்கு அனுப்பச் சொல்லவில்லை, கட்டிலைத்தான் நகர்த்தச் சொன்னேன். அதற்குக் காரணம் சொல்லவேண்டிய அவசியமும் இல்லை. காற்று வரும் பக்கம் என்று சொன்னால் போதும்.

குடித்தவர் நிறுத்தினாலும் குடும்பத்துக்கு ஆன பாதிப்பு தானாக நிற்பதில்லை. குடியை விட நினைப்பவருக்கு ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டங்கள் இருப்பது போலக் குடும்பத்தாருக்கு ஆல்-அனான் என்று 1951-ல் தொடங்கியதே அதனால்தான். தமிழ்நாட்டிலும் அந்தக் கூட்டங்கள் நடக்கின்றன. வீட்டில் இப்போது குடிப்பவர் இல்லாவிட்டாலும் போகலாம், பணம் கட்டத் தேவையில்லை. அம்மாவைக்கூட ஒருநாள் கூட்டிப் போகலாம். 'முடிஞ்சு போச்சு' என்று சொல்கிற அம்மாக்கள் அங்கே வந்து உட்கார்ந்து அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

நொய்யல்காரன்:

எல்லாருக்கும் நன்றி. உடனே எழுத முடியவில்லை, ஒரு ஆர்டர் டெலிவரி இருந்தது.

ஆமாம் அக்கா, இருமுவார். ராத்திரி ஒன்றரை, இரண்டு மணிக்கு எழுந்து பாத்ரூம் போவார். இத்தனை வருஷமாக அவர் எழுந்திருக்கும் முன்பே நான் விழித்துவிடுகிறேன் என்பது நீங்கள் கேட்ட பிறகுதான் உறைத்தது. தூக்கம் வராத வியாதி என்று நினைத்திருந்தேன். பின்பக்கம் வாஷிங் மெஷின் இருக்கும் ரூமைக் காலி செய்து, பாத்ரூம் பக்கத்திலேயே இருக்கிறது என்று சொல்லிக் கட்டிலை அங்கே போட்டாச்சு. அவருக்குச் சந்தோஷம்தான், தனி ரூம் கிடைத்ததென்று. அம்மா மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

மனைவியிடம் சொல்லிவிட்டேன். ஞாயிறு காலையில் காய் வாங்கப் போய்விட்டு நடந்து வரும்போது. உன்னால் இல்லை என்று ஆரம்பித்தேன், மல்லிச்செடி சொன்ன மாதிரியே. கொஞ்ச தூரம் பேசாமல் வந்தாள். அப்புறம், "அதனாலதான் நான் காய் அரிஞ்சு எந்திரிச்ச உடனே அரிவாள்மணையை எடுத்து உள்ள வெச்சுடறீங்களா" என்று கேட்டாள். பாப்பாவுக்காக எடுத்து வைக்கிறேன் என்றுதான் நானே நினைத்திருந்தேன். பாப்பா பிறப்பதற்கு முன்னாலேயே இந்தப் பழக்கம் இருந்தது என்கிறாள். அவளுக்கு அப்பா மேல் கோபம் வரும் என்று பயந்தேன். கோபம் வந்தது என் அம்மா மேல். 'பெத்த புள்ளைய எதுக்குக் காவலுக்கு விட்டாங்க' என்கிறாள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, அம்மா வேறு என்ன செய்திருக்க முடியும்? அதைச் சொன்னேன். அவள் விடவில்லை, நானும் விடவில்லை, வீடு வரைக்கும் வாக்குவாதம். கல்யாணமான பிறகு நாங்கள் போட்ட முதல் சண்டை அதுதான் என்று வீட்டுக்கு வந்து அவள்தான் சொன்னாள், சிரித்துக்கொண்டே.

மற்ற விஷயம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒன்றும் அவசரமில்லை, டாக்டரைப் பார்த்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருக்கிறோம். அப்படிப் பேசியதிலேயே எனக்குப் பாதிப் பாரம் இறங்கியது.

கோயம்புத்தூர் ஜி.எச். போகலாம் என்று இருக்கிறேன், உள்ளூரில் தெரிந்த முகம் நிறைய. முதல் தடவை அவளும் வரலாமா? ஓ.பி.யில் போய் என்ன சொல்லிச் சீட்டு வாங்குவது? இதைத்தான் யோசித்து யோசித்துப் போகாமல் இருக்கிறேன்.

ஓ.பி. சீட்டு:

சீட்டு எழுதும் இடத்தில் கதை சொல்ல வேண்டாம். 'மனநலப் பிரிவு' என்றால் போதும், தூக்கம் வரவில்லை என்றுதான் அங்கே பாதிப் பேர் வருகிறார்கள். மனைவி உங்களோடு வரட்டும். ஆனால் டாக்டரிடம் முதல் சுற்று நீங்கள் தனியாகப் பேசுங்கள், அப்புறம் அவளை உள்ளே கூப்பிடச் சொல்லுங்கள். காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், திங்கட்கிழமை வேண்டாம், அன்றைக்குக் கூட்டம் தாங்காது. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டைப் பார்க்க வேண்டும் என்று நீங்களாகக் கேளுங்கள், கேட்காவிட்டால் மாத்திரையோடு அனுப்பிவிடலாம்.

போகும் வரைக்கும் ராத்திரி ஏதாவது தாங்க முடியாமல் இருந்தால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கட்டணமில்லை, தமிழில் பேசுவார்கள், எந்த நேரமும் எடுப்பார்கள். சுகர், தைராய்டு ரிப்போர்ட்டைக் கையோடு எடுத்துப் போங்கள், இல்லாவிட்டால் மறுபடியும் ரத்தம் எடுக்க எழுதிக் கொடுத்து ஒரு நாளை வீணாக்கிவிடுவார்கள்.